ஸ்கூல் என்றால் ஓய்வு

நான் டுடோரியலில் ஆங்கிலம் எடுப்பவன், மற்றவர்கள் கைகழுவிய பிள்ளைகளைக் கரையேற்றுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன்; அந்தத் தொழிலில் முழி பிதுங்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அகராதி காலை வாரியது

தொண்ணூறுகளின் கடைசி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் டுடோரியல். மாலை ஆறு மணிக்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலம். வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். முதல் பெஞ்சிலேயே தூங்கியவர் சகாயராணி. வயது முப்பத்து நாலு. ஆங்கிலத்தில் மூன்று தடவை பெயில். அவர் ஊர் அங்கன்வாடியில் ஒரு வேலை காலியாக இருந்தது. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும், வயது வரம்போ அந்த வருடத்தோடு முடிகிறது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கூல் என்ற சொல்லின் மகிமையைச் சொல்லி எல்லோரையும் வெட்கப்படுத்தலாம் என்று தடித்த அகராதியைத் திறந்து சத்தமாகப் படித்தேன். கிரேக்கத்தில் அதற்கு முதல் பொருள் 'ஓய்வு' என்று போட்டிருந்தது. ஓய்வாக இருந்தவர்கள் கூடிப் பேசிப் படித்தார்களாம், பிறகு அந்த இடத்துக்கே அதுதான் பெயராம். பாதியில் நிறுத்தவும் முடியவில்லை. லாரி மெக்கானிக் பாண்டி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அப்ப நாங்க சரியாத்தான் சார் செஞ்சுக்கிட்டு இருக்கோம்."

மீன் கூட்டம்

மறுநாளும் நான் விடவில்லை. அந்தச் சொல்லின் பொருள்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன்: படிக்கும் இடம், ஒரே மாதிரி நினைக்கிறவர்கள், மீன் கூட்டம். மீனுக்கு வந்தது மட்டும் வேறு வழி, டச்சு மொழியில் கும்பல் என்ற சொல்லிலிருந்து வந்தது என்றேன். சகாயராணி கொட்டாவியோடு அத்தனையும் நோட்டில் எழுதி முடித்தார்.

"மீனுக்குப் பரிச்சை இல்ல, குடுத்து வச்சது சார்."

பத்து நிமிடம்

அன்று வகுப்பு முடிந்ததும், ஏன் இப்படித் தூங்குகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மூன்று மணிக்கு எழுந்து பூப்பறிப்பு, பிறகு நூல் மில்லில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, அங்கிருந்து நேராக வகுப்பு. கேட்டதற்கே எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த அம்மாவை பாஸ் ஆக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதல் பத்து நிமிடம் எல்லோரும் தலை சாய்த்துத் தூங்கலாம், அதற்குப் பிறகு ஒருவரும் கண் சிமிட்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். பலன் தெரிந்தது. ஆனால் ஒருநாள் அந்தப் பத்து நிமிடத்தில் டுடோரியல் முதலாளி மாடியேறி வந்துவிட்டார். வகுப்பு மொத்தமும் பெஞ்சில் கவிழ்ந்து கிடக்க, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"பீசு பாடத்துக்கு வாங்குனமா, பாய் தலகாணிக்கு வாங்குனமா சார்?"

ரிசல்ட்

சகாயராணி பாஸ். ஆங்கிலத்தில் நாற்பத்தொன்று. தலையில் பஞ்சுத் தூசியோடு மார்க் ஷீட்டை நீட்டினார். நானே பாஸானது போல இருந்தது. அங்கன்வாடிக்கு மனுவும் போட்டுவிட்டாராம். ஆனால் விடைபெறாமல் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "இனி எதுக்கும்மா வகுப்பு?" என்றேன்.

"பிளஸ் டூவுக்கும் பேரு எழுதிக்கங்க சார். நாள் முச்சூடும் நிக்கிறேன், நான் உக்காருறது இங்கன மட்டுந்தான்."

கிரேக்கர்கள் சொன்ன ஓய்வு ஒருவழியாக அவருக்குக் கிடைத்தது, எனக்குத்தான் ஏழு மணிக்கு இன்னொரு வகுப்பு கூடிவிட்டது.