ஒலிபெருக்கி அறையில் ஓர் ஆடு

அந்தப் பேருந்து நிலையத்தில் இருபத்தொரு வருஷமாக வண்டி நேரங்களை அறிவித்துவந்த அம்மாளை எல்லாரும் குரலம்மா என்றுதான் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. மாடிப்படிக்கு அடியில், ஒரு மேசையும் மின்விசிறியும் மைக்கும் மட்டும் கொள்கிற அறை அவருடையது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அறிவிப்புக்காக சுவிட்சைத் தட்டியபோது, மனசுக்குள் யாரோ தெளிவாகச் சொன்னார்கள்: ‘இப்போ ஆடு மாதிரி கத்து.’

குரலம்மா கத்தவில்லை. வண்டி நேரத்தைத்தான் சொன்னார். ஆனால் உள்ளங்கை நனைந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் இருபது தடவை அது வந்தது. மறுநாளும் வந்தது. வாயிலிருந்து ‘மே’ வந்துவிடாமல் இருக்கப் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசிப்பார்த்தார். ‘ஏழாம் நடைமேடை’ என்பது ‘ஏயா நயமேய’ ஆகி, ஒரு கல்யாண கோஷ்டி முழுக்கத் தப்பான வண்டியில் ஏறி, பெண் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் கணவரிடம் சொன்னார். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்.

“என்னங்க, மைக்கைப் பார்த்தாலே ஆடு மாதிரி கத்தணும்னு தோணுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வெள்ளாடா, செம்மறியா?”

“அதுவா இப்ப முக்கியம்?”

“டாக்டர் கேப்பாரில்ல.”

டாக்டர் என்று அவர் சொன்னது ஆழ்மனசை ஆராய்கிற ஓர் ஆலோசகரை. அவர் ஆட்டின் ஜாதியைக் கேட்கவில்லை. வருகிற கனவுகளை ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். குரலம்மா ஒரு வாரம் எழுதினார். கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் தெரிந்தது, கணவர் கனவு முழுவதையும் சிவப்பு மையால் திருத்தி, ஓர் இடத்தில் ‘இந்த வாக்கியம் முடியவில்லை’ என்றும் எழுதிவைத்திருந்தார்.

ஆலோசகர் பொறுமையாகப் படித்தார். “சின்ன வயசுல வீட்டுல சத்தம் போட்டிருக்கீங்களா?”

“இல்ல சார். ஆறு பேர்ல நான்தான் சாதுன்னு பேரு.”

“அந்தப் பேரைக் காப்பாத்த எத்தனை சத்தத்தை உள்ள தள்ளிப் பூட்டியிருப்பீங்க? அடிமனசுல பூட்டினது சாகாதும்மா. தாடி வளர்த்துக்கிட்டுத் திரும்பி வரும்.”

“அப்ப நான் ஒரு நாள் கத்திடுவேனா?”

“தோணுறது வேற, செய்யறது வேற. எதைச் செஞ்சுடக் கூடாதுன்னு ஒருத்தர் ரொம்பப் பயப்படறாரோ, அதுதான் அவருக்குத் தோணும். கத்தறவங்க என்கிட்ட வர்றதில்ல.”

குரலம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஆட்டுக்கும் நிம்மதி போலிருக்கிறது. மறுநாள் இன்னும் உரிமையோடு வந்தது.

நாத்தனார் வேறொருவரிடம் கூட்டிப்போனார். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்க்கிறவர் அவர். பெரிய ஞானி என்று பேர். வியாழக்கிழமை பத்திலிருந்து பதினொன்று வரைக்கும்தான் பேசுவார். மற்ற நேரமெல்லாம் மௌனம். முன்னால் இருந்த ஒருவர் குடித்தனக்காரனைக் காலி செய்வது பற்றியே முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தின்றுவிட்டார். குரலம்மாவுக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம்.

“உள்ள ஒரு ஆடு கத்தச் சொல்லுதுங்க.”

“அதைக் கேக்கறது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீங்க ஆடு இல்ல.”

குரலம்மா யோசித்துப்பார்த்தார். “இல்லதான்.”

“விரட்டறீங்களா?”

“நாள் முழுக்க அதாங்க வேலை.”

“விரட்டினா விளையாட்டுன்னு நினைச்சுக்கும். உக்கார இடம் குடுங்க, தீனி மட்டும் போடாதீங்க. வந்தது போகும். ஏன்னா வானத்துல…”

மணி பதினொன்று அடித்தது. ஞானி வாயை மூடிக்கொண்டார். வானத்தில் என்ன என்று நாத்தனாரும் குரலம்மாவும் வீடு வரைக்கும் சண்டை போட்டார்கள்.

ஆனால் சொன்னதைச் செய்தார் குரலம்மா. ஆடு வந்தால் மைக்கை அணைத்துவிட்டு அதனிடம் இரண்டு வார்த்தை பேசுவார். மூன்று வாரத்தில் இருபது தடவை என்பது ஐந்தாகக் குறைந்தது. அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவிட்ச் சிக்கிக்கொண்டது. மைக் அணையவில்லை. நிலையம் முழுக்கக் கேட்டது:

“வந்துட்டியா? கத்தணுமா? சரி, தோணிட்டுப் போகட்டும். எனக்கு வேலை இருக்கு. நீ பேசாம ஓரமா உக்காரு.”

ஏழு நடைமேடைகளிலும் நின்றிருந்தவர்கள் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். சில்லறைக்காகக் கத்திக்கொண்டிருந்த ஒரு நடத்துநரும், அவரிடம் கத்திக்கொண்டிருந்த பயணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் யாரும் எதிலும் ஏறவில்லை.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். “யார்கிட்டம்மா பேசினீங்க?”

வேலை போனால் போகட்டும் என்று குரலம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“எனக்குப் பதினாலு வருஷமா இருக்கு. யாராவது மனுவை நீட்டினா, அவங்க மூக்கைப் பிடிச்சுத் திருகணும்னு தோணும்.”

“திருகியிருக்கீங்களா சார்?”

“இல்ல. அதான் ரெண்டு கையையும் பாக்கெட்டுலயே வெச்சுக்கறேன்.”

“அதுக்குத்தான் எல்லாரும் உங்களைத் திமிர் பிடிச்சவர்னு…”

“சொல்லட்டும்னு விட்டுட்டேன். நிஜத்தை எப்படிச் சொல்றது?”

குரலம்மா ஆலோசகர் சொன்னதையும் ஞானி சொன்னதையும் அப்படியே சொன்னார். வானத்தை மட்டும் விட்டுவிட்டார். பிறகு மேசையிலிருந்து ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். மேலாளரின் கை மெல்ல வெளியே வந்தது. குரலம்மா மூக்கை ஓர் அங்குலம் பின்னால் இழுத்துக்கொண்டார். கை தாளை வாங்கி மேசையில் வைத்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை ‘சுவிட்ச் பழுது’ என்று முடிந்தது. ஆனால் விஷயம் எப்படியோ கசிந்து, அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் கதவுத் துவாரத்தில் கண்கள் தெரிய ஆரம்பித்தன. துக்க வீட்டில் சிரித்துவிடுவோமோ என்று பயந்து மூன்று சாவுக்குப் போகாத ஒரு நர்ஸ் வந்தார். வழுக்கைத் தலையைக் கண்டால் தாளம் போடத் தோன்றுகிறது என்று சொல்லிக்கொண்டு ஓர் ஓட்டுநர் வந்தார். குரலம்மா கேட்டுக்கொள்வார். ரொம்பத் தவிக்கிறவர்களுக்கு ஆலோசகரின் விலாசத்தை எழுதிக்கொடுப்பார்.

வருஷக் கடைசியில் ஒரு வாரம் முழுக்க ஆடு வரவே இல்லை. குரலம்மாவுக்கு அது கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை அறிவிப்புக்கு நடுவே வந்து எட்டிப்பார்த்தது. குரலம்மா அதற்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, மூன்றாம் நடைமேடை வண்டி பதினைந்து நிமிஷம் தாமதம் என்று அறிவித்தார்.