ஜெனரலைக் குளிப்பாட்டிய காலம்

வயதானவர்களைக் குளிப்பாட்டும் வேலையில், குளிப்பாட்டுவது கால் மணி நேரம், குளிக்கச் சம்மதிக்க வைப்பது முக்கால் மணி நேரம் என்பதை, என்னைப்போல் இதில் அகப்பட்டுக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் மொன்ட்ரியாலில் நான் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு வாய்த்தவர் ஒரு சோவியத் ராணுவ ஜெனரல்.

முதல் நாள்

நகரின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் மகள் நினாவின் வீட்டில் இருந்தார். வயது எண்பத்து மூன்று. எனக்கு முன் வந்த மூன்று பேரைத் துரத்தியிருந்தார். நினா வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்: கோடையில் முதியோர் விடுதித் தாதி வந்து பார்ப்பாள், அதற்குள் அப்பா குளிக்க இணங்காவிட்டால் விடுதிதான். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

ஜெனரல் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்திருந்தார். எங்களுக்குப் பொதுமொழி அரைகுறைப் பிரெஞ்சு. என் பதவி என்ன என்று கேட்டார். பதவியெல்லாம் இல்லை, குளிப்பாட்ட வந்தவன் என்றேன்.

"பதவி இல்லாதவன் முன்னால் ஜெனரல் சட்டை கழற்றுவதில்லை."

தண்ணீர் தயார்

இரண்டு கிழமை கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் நினா அவருடைய கதையைச் சொன்னாள். பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, போர் முழுவதும் ஆறுகளில் மிதவைப் பாலம் போட்டு, படிப்படியாக ஜெனரல் ஆனவர். தினமும் காலையில் ஒருவன் வந்து விறைப்பாக நின்று நிலைமையைச் சொன்ன பிறகே அவருக்கு நாள் தொடங்குமாம்.

மறுநாள் அறை வாசலில் குதிகால் சேர்த்து நின்று சலூட் அடித்தேன். "ஜெனரல் அவர்களே! தண்ணீர் முப்பத்தெட்டுப் பாகை. துவாய் இரண்டு. சவர்க்காரம் ஒன்று. எல்லாம் தயார்!" மனிதர் எழுந்து நேரே குளியலறைக்கு நடந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் இதே வேலை பார்க்கும் தவம் அண்ணைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"தம்பி, ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனீ, இனி நாள் தவறாமல் ஜெனரலுக்குச் சலூட் அடிக்கப் போறாய் என்ன?"

ஆறுகள்

முதுகு தேய்க்கும்போதுதான் வாய் திறப்பார். தோளில் இருந்த தழும்பு ஓர் ஆறு: பத்தொன்பது வயதில், பனிக்கட்டித் தண்ணீரில் மிதவையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பட்ட காயம். வளைந்த முழங்கால் இன்னோர் ஆறு. அங்கேதான் லெப்டினன்ட் ஆனாராம். மேஜர், கேணல் என்று மேலே போகப் போகத் தழும்புகள் இல்லை.

ஒருநாள் வாய் சும்மா இராமல், எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்டுவிட்டேன். என் மனதில் இருந்தது எங்கள் சனத்தைச் சுட்ட ஊர் ஆமி. அவர் தோளில் இருந்த என் கையை விலக்கினார். கேட்டிருக்கக் கூடாது.

"நான் பாலம் போட்டேன். போனவர்களை எண்ணினேன். திரும்பி வந்தவர்களை எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை."

தாதி வந்த நாள்

கோடையில் தாதி வந்தாள். சின்னப் பெண், கையில் கோப்பு. அவளுக்கு முன்னால் சலூட் அடிக்க எனக்கு வெட்கம். "வாங்கோ, குளிப்போம்" என்கிற மாதிரிப் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னேன். ஜெனரல் அசையவில்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாதி எழுதத் தொடங்கினாள். நினா சுவரோடு ஒட்டி நின்றாள்.

என் வெட்கத்துக்காக ஒரு மனிதர் வீட்டைவிட்டுப் போவதா? வெளியே போய்த் திரும்பி வந்து, குதிகால் சேர்த்து, வீடு அதிரத் தண்ணீரின் சூட்டைச் சொன்னேன். அவர் எழுந்தார். அரைமணி நேரத்தில், தலை சீவி, புதுச் சட்டையோடு தாதி முன்னால் வந்து நின்றார். அவள் எழுதியதை வெட்டினாள்.

"எங்கள் விடுதியில் இப்படிச் செய்ய ஆளில்லை. இவர் இங்கேயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு இரண்டு பனிக்காலம் தன் கட்டிலிலேயே படுத்து, அதிலேயே கண்மூடினார். இப்போது எனக்குக் கிடைப்பவர்கள் எல்லாம் கூப்பிட்டவுடன் குளிக்க வந்துவிடுகிறார்கள், எனக்குத்தான் வேலைக்குப் போக மனம் வருவதில்லை.