கொக்கக்கா நின்ற ஜன்னல்

பிரசவ வார்டில் முப்பத்தோரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற பெரிய சிஸ்டருக்கு, தான் பார்த்த வேலை வெளியே சொல்லக்கூடாத வேலை என்பது அந்தச் சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் அச்சுக்கடையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை தட்டினார். படம் வரைந்து கொடுக்கும் ஏஐ அத்தனையையும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் சுற்றிவிட்டு, ஒரே பதிலைச் சொன்னது. இந்தக் கோரிக்கையை நிறைவேற்ற இயலவில்லை, வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

"எது தப்புன்னு சொல்லுதா?"

"சொல்லாது அத்தை. முடியாதுன்னு மட்டும்தான் சொல்லும்."

எங்கள் பழைய சூப்பரின்டெண்டும் இப்படித்தான் என்றார் சிஸ்டர்.

கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. திங்கட்கிழமை திறப்பு. பழைய வார்டில் உழைத்தவர்கள் பன்னிரண்டு பேரின் படத்தை நடைவழிச் சுவரில் மாட்டுவது என்று முடிவாகி, சட்டம் போடும் வேலை மாப்பிள்ளையின் கடைக்கு வந்திருந்தது. பதினொரு பேருக்குப் படம் கிடைத்துவிட்டது. கொக்கக்காவுக்கு மட்டும் இல்லை. அவள் கடைசிவரை தினக்கூலி ஆயாவாகவே இருந்தவள். நிரந்தர வேலைக்காரர்களுக்குத்தான் படம் ஒட்டிய அடையாள அட்டை. வார்டுக்குள் கேமரா கொண்டுவரக் கூடாது. வீட்டில் இருந்த ஒரே படமும் ஒரு மழையில் ஊறிப் போயிற்று என்று அவள் மகள் சொல்லியிருந்தாள். அக்கா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. படம் இல்லாவிட்டால் பதினொன்றோடு நிறுத்திவிடலாம் என்று ஆபீஸில் சொன்னபோது, சிஸ்டர் வாய் முந்திக்கொண்டு, படம் இருக்கிறது, நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். மகளுக்கும் போன் போட்டு, திங்கட்கிழமை வா, உன் அம்மா சுவரில் இருப்பாள் என்றும் சொல்லியாகிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற இருந்தது ஒரு பகல்தான். மத்தியானம் மூன்று மணிக்குச் சட்டத்தை ஒட்டிவிட வேண்டும்.

மாப்பிள்ளை, தட்டியதை ஒருமுறை உரக்கப் படித்தார். "ரத்தக்கறைத் துணி கட்டிய ஒரு பெண், துணியில்லாத குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அடிக்கிறாள். பக்கத்தில் கத்தரிக்கோல்."

கடையில் தாள் வெட்டிக்கொண்டிருந்த ஆள் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, இது ஆஸ்பத்திரி வேலையா, கோர்ட்டு வேலையா?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். அந்தக் காலத்தில் மூச்செடுக்காத பிள்ளையை அப்படித்தான் எழுப்பினார்கள். உலகத்திலேயே மிருதுவான கை கொக்கக்காவின் கை. ஆனால் அவள் செய்ததைச் செய்தபடி எழுதினால் கொலைக் குற்றம்போல் இருக்கிறது. தெரியாதவன் படித்தால் பயப்படத்தான் செய்வான். அந்த இயந்திரத்தைக் குறை சொல்லியும் பயனில்லை.

எழுதியதிலிருந்து ரத்தத்தை எடுத்தார்கள். மறுத்தது. கத்தரிக்கோலை எடுத்தார்கள். மறுத்தது. அடிப்பதைத் தட்டிக்கொடுப்பதாக மாற்றினார்கள். அப்போது பாதிப் படம் வந்தது. ஜன்னல், மேசை, ஒரு நெற்றி. சிஸ்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் நகர்வதற்குள், துடைத்து எடுத்ததுபோல் எல்லாம் மறைந்து, மறுபடி அதே வாசகம்.

"காட்டிட்டுப் பிடுங்குதே, ஏன்?"

மாப்பிள்ளைக்கு அதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. அங்கே இரண்டு காவல் என்றார். நாம் எழுதுவதைப் பார்க்க ஒன்று, அது வரைந்து முடித்ததைப் பார்க்க ஒன்று. முதல் காவல் விட்டுவிட்டது, இரண்டாவது பிடித்துவிட்டது. சிஸ்டருக்கு அது சட்டென்று விளங்கியது. கேட்டில் சீட்டைப் பார்த்து உள்ளே விட்ட ஆளை, வார்டு வாசலில் முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்புவதை அவர் எத்தனை பார்த்திருக்கிறார்.

இன்னும் நாலைந்து தடவை முட்டிப் பார்த்தும் வழி பிறக்கவில்லை. மணி பன்னிரண்டு. மாப்பிள்ளை டீ வாங்கிவரப் போனார். போகும்போது, பெயரை மட்டும் அழகான எழுத்தில் அடித்து மாட்டிவிடலாமா அத்தை என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சிஸ்டர், சுற்றுவதை நிறுத்திவிட்ட திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காரணம் சொல்லாமல் அடம் பிடிக்கும் ஒன்றோடு இப்படி உட்கார்ந்திருப்பது அவருக்குப் புதிதில்லை.

ஒருமுறை, பிறந்து ஒன்பதாம் நாள் ஒரு பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்து ஓயாத அழுகை. பசி என்று ஒருவர், வயிற்றுவலி என்று ஒருவர். டாக்டர் மருந்து எழுதினார். சிஸ்டரும் தோளில் போட்டு நடந்து பார்த்தார். பிள்ளை நீலம் பாரித்துக் கத்தியது. கொக்கக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "வாயையே பாத்துட்டிருந்தா எப்படி சிஸ்டர்? அழற வாய்க்கா காரணம் தெரியும்? எல்லாத்தையும் அவுத்துடு. ஒண்ணொண்ணா போட்டுப் பாப்போம்." தொப்பியை, சட்டையை, சுற்றிய துணியைக் கழற்றினாள். கடைசியில் காலுறை. இடது காலின் சின்ன விரலில் ஒரு தலைமுடி, சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. விரல் சிவந்து வீங்கியிருந்தது. அவள் நகத்தால் நெருடி எடுத்ததும் அழுகை குழாயை மூடியதுபோல் நின்றது. அந்த முடி யாருடையதோ. ஆனால் மறுநாளிலிருந்து கொக்கக்கா தன் தலையை ஒரு வெள்ளைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டுதான் வார்டுக்குள் வந்தாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை டீயோடு வந்தபோது சிஸ்டர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் அவுத்துடுங்க மாப்பிள்ளை."

"அத்தை?"

"எழுதினதையெல்லாம் எடுத்துடுங்க. அறை மட்டும் கேளுங்க. ஆளே வேண்டாம்."

பழைய பேச்சின் வாசனை ஒட்டியிருக்கும் என்று மாப்பிள்ளை புதிதாக ஒரு பக்கம் திறந்தார். கிழக்குப் பார்த்த உயரமான ஜன்னல், பச்சைச் சாயம் பாதிவரை அடித்த சுவர், ஜன்னலடியில் வெள்ளைத் துணி விரித்த மேசை, சிமெண்டுத் தரை, காலை வெளிச்சம். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்தது. சிஸ்டருக்கு அந்தத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. மேசையில் எடை பார்க்கும் தட்டு வந்தது. எனாமல் பேசின் வந்தது. நீலச் சீருடையில், தலையில் வெள்ளைத் துணி கட்டிய நடுவயதுப் பெண் வந்தாள். அவள் கையில் துண்டில் சுற்றிய பச்சைக் குழந்தை என்றதும் பாதி வரைந்து அழித்துவிட்டது.

"இங்கதான் இருக்கு முடி" என்றார் சிஸ்டர். மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

அந்தப் பெண் நம் பக்கம் பார்த்து நிற்பதுபோல் படம் அமைவதால், துண்டைச் சுற்றினாலும் எங்கேயாவது பிள்ளையின் உடம்பு தெரிந்துவிடுகிறது, இரண்டாவது காவல் அதைத்தான் பிடிக்கிறது என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தார். குழந்தையை எடுத்துவிடலாம், அல்லது அந்த அம்மாவைத் திருப்பி நிறுத்தலாம். முதுகு தெரியும், பிள்ளை மறைந்துவிடும்.

"முகம் தெரியாதே. முகத்துக்காகத்தானே இவ்வளவும்."

"அத்தை, முகம் வந்தாலும் அது அவங்க முகமா இருக்காது. முன்னாடி ஒண்ணு வந்துச்சே, பாத்தீங்களா?"

பார்த்தார்தான். ஆள் மட்டும் வந்த படத்தில் இருந்தது சோப்பு விளம்பரத்துக்காரி. கன்னத்தில் குழி வேறு. அதைக் கொண்டுபோய் மகளிடம் காட்டி, இதுதான் உன் அம்மா என்று சொல்ல நாக்கு எழும்பாது.

அப்போதுதான் சிஸ்டருக்கு ஒன்று தோன்றியது. பிரசவம் நடக்கும்போது அவர் இடம் கட்டிலின் கால்மாட்டில். பிள்ளை வெளியே வந்ததும் கொக்கக்கா வாங்கிக்கொண்டு ஜன்னல் மேசைக்குப் போய்விடுவாள். தாயைக் கவனித்துக்கொண்டே சிஸ்டர் நிமிர்ந்து பார்ப்பது அந்த முதுகைத்தான். வெள்ளைத் துணி கட்டிய தலை, வேகவேகமாய் அசையும் முழங்கைகள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் அந்த முதுகையே பார்ப்பார்கள். அழுகை கேட்கும். அதற்கப்புறம், திரும்பாமலே அக்கா "ம்" என்பாள். அந்த ஒரு "ம்" வந்துவிட்டால் பிள்ளை பிழைத்தது என்று அர்த்தம். இருபது வருஷத்தில் அந்த "ம்" வராமல் போன நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அன்றைக்கு மட்டும்தான் அவள் திரும்புவாள்.

"திருப்பி நிறுத்துங்க" என்றார் சிஸ்டர்.

வந்தது. முழுசாக வந்தது. முதுகு, முழங்கை, தோளுக்கு மேலே துண்டின் ஒரு நுனி. மாப்பிள்ளை மூச்சுவிட்டார். சிஸ்டர் விடவில்லை. இன்னும் ஒன்று பாக்கி என்றார். செருப்பு கழற்றிய வெறுங்கால். குளிர்ந்த தரைக்கு, இடது பாதத்தின் மேல் வலது பாதத்தைத் தூக்கி வைத்து ஒற்றைக்காலில் நிற்பாள். கொக்கு என்று பெயர் வந்ததே அதனால்தான். சுற்றியது, சுற்றியது. கடைசியில் கொடுத்தது. முதல் தடவை மூன்று கால் வரைந்திருந்தது. தாள் வெட்டுகிறவர் அதையே வைத்துக்கொள்ளுங்கள், வேலை சீக்கிரம் முடியும் என்றார். இரண்டாம் தடவை சரியாக நின்றாள்.

படத்தின் அடியில், இது நினைவிலிருந்து கணினியால் வரையப்பட்டது, புகைப்படம் இல்லை என்று ஒரு வரி போடச் சொன்னார் சிஸ்டர். மூன்று மணிக்குச் சட்டத்தை ஒட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கூட்டம் கலைந்தபின் மகள் வந்தாள். காலேஜில் பாடம் நடத்துகிறவள். அவர்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள். பதினொரு முகங்களையும் தாண்டிப் பன்னிரண்டாவது சட்டத்துக்கு முன்னால் நின்றாள்.

"முகம் இல்லியே ஆன்ட்டி."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்த சமாதானத்தைச் சொல்லச் சிஸ்டர் வாயெடுப்பதற்குள், மகள் இன்னும் கிட்டே போய், அந்த ஒற்றைக்கால் நிலையைப் பார்த்தாள்.

"அடுப்படியில இப்படித்தான் நிப்பாங்க. எங்க வீட்டுல ஒரே ரூம். நான் பின்னால உக்காந்து பாடம் ஒப்பிப்பேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா தப்பா சொன்னா எப்படியோ தெரிஞ்சிடும், திரும்பிப் பாப்பாங்க. சரியா சொன்னா..."

"திரும்பாமலே 'ம்'" என்றார் சிஸ்டர்.

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நடைவழியின் கோடியில் யாரோ ஏணியை இழுத்துக்கொண்டு வந்தார்கள், கொஞ்சம் ஒதுங்குங்கம்மா என்றார்கள். இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள். ஏணி போனபின் மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றுகொண்டார்கள்.