ஏர்கன் சாமியாத்தாளும் கிணற்றோரக் கருடன்களும்

அன்னூர்ப் பக்கம் போய்ச் சாமியாத்தாள் வீடு எது என்று கேட்டால், எந்தச் சாமியாத்தாள் என்பார்கள். முன்னால் ‘ஏர்கன்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் போதும், வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, ஓயாத வாய். தென்னை மட்டையில் ஓடும் எலியைக் கீழே நின்றபடியே ஒரே குண்டில் சாய்த்துவிடுவாள்.

அவள் துப்பாக்கி எடுத்ததே கருடனுக்காகத்தான். எலிகள் தென்னங்குரும்பையைக் கடித்து உதிர்த்துக்கொண்டிருந்தபோது மருந்து வைத்துவிடலாம் என்றார் புருஷன் ஆறுச்சாமி. சாமியாத்தாள் சண்டைக்கு வந்துவிட்டாள். கிணற்றோரத் தென்னையில் ஒரு ஜோடி கருடன் கூடு கட்டியிருந்தது. மருந்து தின்ற எலியை அது தின்றால் என்ன ஆவது? ஏர்கன் வாங்கினாள். சுட்ட எலிகளை மோட்டார் ரூம் கூரைமேல் வைப்பாள். கருடன்கள் இறங்கிவந்து தூக்கிப்போவதை, சம்பந்தி வீட்டாருக்குப் பந்தி வைத்தவள் மாதிரி நின்று பார்ப்பாள்.

இந்த மாசியில் குஞ்சு பொரித்திருந்தது. ஒருநாள் காலை வழக்கம்போல ஓர் எலியைக் கூரைமேல் வைத்துவிட்டுத் திரும்பியவள், ஜோடியில் ஒன்று வாய்க்காலோரம் கிடப்பதைக் கண்டாள். சிறகு தொங்கியிருந்தது. கால் விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. தொட்டபோது கொத்தக்கூட இல்லை. அதைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, ஆர்.எஸ்.புரத்தில் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹுமேராவிடம் கொண்டுபோனாள்.

ஹுமேரா எக்ஸ்ரே எடுத்தாள். வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி.

“யாராச்சும் சுட்டாங்களாங்க?”

“கருடனையா? எந்தப் பாவி சுடுவான்!”

“மேல காயமும் இல்லீங்க. அப்ப இரையோட உள்ள போயிருக்குது. ஏர்கன் குண்டு ஈயமுங்கம்மா. வயித்துல கரைஞ்சு ரத்தத்துல ஏறிருச்சுன்னா நரம்பெல்லாம் போயிரும். மருந்து குடுத்துப் பாக்கறேன். பொழைக்கும்னு சொல்ல முடியாதுங்க.”

அது தான் சுட்ட குண்டுதான் என்று சாமியாத்தாளுக்கு விளங்கிவிட்டது. எலிமருந்து வேண்டாமென்று ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டு விஷத்தை ஊட்டியிருக்கிறாள். அழுகை வரவில்லை, தன்மேலேயே ஆத்திரம்தான் வந்தது. அப்போதுதான் காலையில் வைத்த எலி நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

“ஏனுங்க, மோட்டார் ரூம் மேல இருக்கற எலியை எடுத்துருங்க, இப்பவே!”

“அது அப்பவே போயிருச்சு அம்மணி,” என்றார் ஆறுச்சாமி. “இன்னொரு கருடன் தூக்கிட்டுப் போயி குஞ்சுக்கு ஊட்டிட்டு இருக்குது. பாக்க அத்தனை அழகு, போ.”

விஷயத்தைக் கேட்ட ஹுமேரா எழுந்தேவிட்டாள். “சீக்கிரம் போங்கம்மா. கூட்டுல எலி மிச்சம் இருந்தா எறக்கிப் பாருங்க. குண்டு அதுல இருந்தா குஞ்சு தப்பிச்சுது. இல்லீன்னா குஞ்சையும் கொண்டாந்துருங்க, வனத்துறைக்கு நான் சொல்லிக்கறேன்.”

வரும் வழியெல்லாம் அந்த எலியைச் சுட்டதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தாள். அவள் எப்போதும் தலையில்தான் சுடுவாள். உடம்பில் பட்டால் எலி கிடந்து துடிக்கும், அது பாவம். கருடனோ தலையிலிருந்துதான் தின்னத் தொடங்கும். இன்றைக்காவது கை கொஞ்சம் விலகியிருக்கக் கூடாதா என்று அன்னூர் வரும்வரை மாரியம்மனிடம் கெஞ்சினாள்.

மரமேறும் பாலுசாமி ஏறினான். தாய்க்கருடன் கத்திக்கொண்டே அவன் தலைக்குமேல் பாய்ந்து பாய்ந்து விலகியது.

“பாதி எலி கெடக்குதுங்க!” என்று மேலிருந்து குரல் கொடுத்தான்.

சாமியாத்தாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “எந்தப் பாதி பாலு?”

“வால் பக்கமுங்க. தலைப் பக்கத்தைத் தின்னுபோட்டுதுங்க.”

“குண்டு வால் பக்கம் இருந்தாலும் இருக்குமில்ல?” என்றார் ஆறுச்சாமி.

வேறு யார் சுட்டிருந்தாலும் அவளும் அப்படி நம்பியிருப்பாள். பக்கத்தில் கிடந்த கூடையை எடுத்து, தன் முந்தானையைக் கிழித்து உள்ளே விரித்து, கயிற்றில் கட்டினாள்.

“குஞ்சை எறக்கு பாலு,” என்றாள். “பதனமா.”