டவர் வளைவில் அக்காவின் படம்

போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற எங்கள் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. போடிமெட்டுக்கு ஏறுகிற பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு டவர் வளைவு என்று நாங்களே பெயர் வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே கொஞ்ச தூரம் பாறை மறைத்துக்கொள்ளும். மேலே மெட்டைத் தாண்டினால் எங்கள் தோட்டம் ஒரு பள்ளத்தில் கிடக்கிறது, அங்கே போன் வெறும் டப்பா. இந்த வளைவில் மட்டும் டவர் நன்றாகக் கிடைக்கும். டிரைவர் அண்ணன் அங்கே வண்டியை ஓரங்கட்டி ஒரு பீடி குடிப்பார். அவர் குடித்து முடிப்பதற்குள் ஜீப்பில் அடைந்து கிடக்கிற அத்தனை பெண்களின் போனும் ஒன்றாகக் கத்தித் தீர்த்துவிடும். பிறகு சாயங்காலம் இறங்கும்போது அதே வளைவில் மறுபடியும் கத்தும். நடுவில் உலகம் தலைகீழாகப் போனாலும் எங்களுக்குத் தெரியாது.

மற்றவர்களுக்கு அந்த வளைவு பொழுதுபோக்கு. எனக்கு அது உயிர் போய் வருகிற இடம்.

என் அக்கா இஸ்ரேலில் இருக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. மெட்டுக்கு அந்தப்புறம் மலையாளத்துப் பெண்கள் நிறையப் பேர் இந்த வேலைக்கு அங்கே போயிருக்கிறார்கள். அவர்களோடு நர்சிங் படித்தவள் என்பதால் அக்காவும் போனாள். எங்கள் தெருவில் விமானம் ஏறிய முதல் பெண் அவள்தான். அதற்காக அம்மா ஒரு வருடம் தலை நிமிர்ந்து நடந்தது. அதன் பிறகு அங்கே சண்டை வந்தது, நிமிர்ந்த தலையை நாங்கள் எல்லோரும் போனுக்குள் கவிழ்த்துக்கொண்டோம்.

கிழவிக்கு முதுகுப் புண் வராமல் இருக்க அக்கா விடியுமுன் எழுந்து அவளைப் புரட்டிப் படுக்க வைப்பாள். இங்கே நாங்கள் ஜீப்பு ஏறுகிற நேரம் அது. புரட்டிப் படுக்க வைத்த கையோடு எனக்கு ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புவாள். குட்மார்னிங் என்று எழுதிய, தண்ணீர்த்துளி மினுக்குகிற, பார்க்கச் சகிக்காத ரோஜா. முன்பெல்லாம் அதைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். சண்டை தொடங்கிய பிறகு அந்த ரோஜாவுக்கு ஒரே அர்த்தம்தான்: அக்கா உயிரோடு இருக்கிறாள். டவர் வளைவில் அது வந்து விழுந்தால் அன்றைக்குக் கூடை நிறையக் காய் எடுப்பேன். வராவிட்டால் செடியின் தூரில் குத்தவைத்து உட்கார்ந்து பச்சைக்காயையும் பழத்தையும் பேதம் பார்க்காமல் உருவிப் போட்டு, கங்காணியிடம் வசவு வாங்குவேன்.

எனக்குப் பயம். மழுப்பி எழுத எனக்குத் தெரியாது. ராக்கெட் எப்படி இருக்கும் என்று நான் நேரில் பார்த்ததில்லை, பயம் முழுக்க போனிலிருந்து வந்ததுதான். ஒரு வீடியோவைப் பார்த்துத் தொலைத்தால் போதும், அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டும். வானத்தில் நெருப்பு, சைரன், ஓடுகிற ஜனம். அதில் எது நேற்றையது, எது பழசு, எது வேறு நாட்டில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? ஒன்று கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து எடுத்தது என்று பிறகு சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் ஒரு பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிற பாயிடம்தான் நான் ரீசார்ஜ் செய்வது. அக்காவுக்கும் அவர் பழக்கம். இஸ்ரேலுக்குக் கிளம்பின அன்று அவள் பெட்டிக்குள் மிளகாய்ப்பொடி கட்டிக் கொடுத்தவரே அவர்தான். சண்டை வந்த புதிதில் ஒரு நாள் ரீசார்ஜ் செய்யப் போனபோது, "தங்கச்சி, ஒம் போன்ல என்ன வருது, காட்டு" என்றார். காட்டினேன். பார்த்துவிட்டுத் தன் போனை என் கையில் கொடுத்தார். அதில் இடிந்து கிடக்கிற கட்டடங்கள். புழுதி அப்பிய முகத்தோடு, அழக்கூட மறந்து உட்கார்ந்திருக்கிற காஸாப் பிள்ளைகள். என் போனில் அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட அதுவரை வந்ததில்லை. அவர் போனில் என் அக்கா மாதிரி ஒருத்தி வந்ததில்லை. கொஞ்ச நேரம் அவர் போனை நானும் என் போனை அவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒங்க அக்கா பத்திரமா இருக்கணும்னுதான் நான் துவா கேக்குறேன்" என்றார். "அந்தப் புள்ளைகளுக்கும் சேத்துத்தான் கேக்குறேன். தப்பில்லையே?"

"தப்பு என்ன பாய் இருக்கு" என்றேன். அழுகையாக வந்தது. ரீசார்ஜ் செய்யாமலே திரும்பிவிட்டேன்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, போடியில் பிளக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். எங்கள் சொந்தத்தில் யார் கண்ணை மூடினாலும் மாமாவின் கண்ணீர் அஞ்சலிதான் முதலில் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வீடு வந்து சேருமுன் முச்சந்தியில் பிளக்ஸ் நிற்கும், எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் படம் நிற்கும். செத்தவரை மரியாதையாக அனுப்பி வைக்கிறோம் என்று அவருக்குப் பெருமை. ஒரு பெரியப்பாவுக்கு வேறு கடைக்காரன் முந்திக்கொண்டான் என்று கருமாதி வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்.

அன்று காலையில் ரோஜா வரவில்லை. ஜீப்பில் ஏறும்போதே பார்த்தேன். டவர் வளைவில் வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வளைவு வந்தது, டிரைவர் அண்ணன் பீடியைப் பற்ற வைத்தார், போன்கள் கத்தின. என் போன் மட்டும் நிறுத்தாமல் கத்தியது. திறந்தேன். அக்காவின் படம்.

இஸ்ரேலுக்குக் கிளம்புகிற அன்று ஸ்டுடியோவில் பட்டுச்சேலை கட்டி எடுத்துக்கொண்ட போட்டோ. அதைச் சுற்றி மாலை, ரெண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. மேலே கண்ணீர் அஞ்சலி. தோற்றம் என்று அவள் பிறந்த தேதி, மறைவு என்று அன்றைய தேதி. அந்நிய மண்ணில் அணைந்த எங்கள் குலவிளக்கே என்று ஒரு வரி. அடியில் துயரத்தில் வாடும் குடும்பத்தார் வரிசை. அதில் அம்மாவுக்கு அடுத்து என் பெயர். நான் அழ ஆரம்பிப்பதற்கு முன்பே நான் வாடிக்கொண்டிருப்பதாக அச்சாகியிருந்தது.

பக்கத்தில் இருந்த மதினி எட்டிப் பார்த்தது. தினமும் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருகிற, சொந்தமில்லாத மதினி. "ஏத்தா!" என்று அது போட்ட சத்தத்தில் ஜீப்பு முழுக்கத் திரும்பியது. டிரைவர் அண்ணன் பீடியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பப் போனார். பயத்தில் அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வண்டிய எடுக்காதீங்கண்ணே!" என்று கத்தினேன். "எடுத்தா டவர் போயிரும்ணே!"

அக்காவுக்கு அடித்தேன், போகவில்லை. "அக்கா" என்று ஒரே ஒரு சொல் அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. அது இரண்டாகவில்லை. மாமாவுக்கு அடித்தால் பிஸி, பிஸி. அவர் துக்கம் விசாரிக்கிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் எடுத்தார், எடுக்கும்போதே அழுகை.

"யாரு மாமா சொன்னா?"

"எல்லாக் குரூப்புலயும் வந்துருச்சு புள்ள. நம்ம மலப்பக்கத்துப் பொண்ணு ஒருத்தி குண்டுல போயிட்டான்னு ஒரு மலையாளத்துக்காரன் பேசி அனுப்பிருக்கான். ஊரு பேரு அக்கா இருக்குற ஊரேதான்."

"நீ அக்காகிட்டப் பேசுனியா?"

"செத்தவகிட்ட எப்படித்தா பேசுறது?"

அந்த நேரத்திலும் அவரை வைய எனக்கு வாய் இருந்தது. என்ன வைதேன் என்று இங்கே எழுத முடியாது. வைது முடித்த பிறகுதான் தோன்றியது. நான் வைவது அக்கா உயிரோடு இருந்தால்தானே நியாயம்?

யாரும் தோட்டத்துக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. பின்னால் வந்த ஜீப்புகள் எங்களைத் தாண்டிப் போயின. மதினி என் போனைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, டிக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. கீழே வெயில் ஏறிக்கொண்டிருக்கிற போடியைப் பார்த்தேன். அங்கே எங்கள் வீட்டில் இந்நேரம் பெண்கள் அவிழ்ந்த தலையோடு உள்ளே நுழைந்திருப்பார்கள். அம்மாவிடம் போன் கிடையாது. அப்படி நுழைந்தாலே அதற்கு விஷயம் புரிந்துவிடும்.

"நீலமாச்சு! நீலமாச்சுத்தா!" என்று மதினி குதித்தது. அதற்குள் போனும் அடித்தது.

"ஏன்டி" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "வேற போட்டோவே கெடைக்கலையா ஒங்களுக்கு? அதுல குண்டாத் தெரியிறேன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

சிரித்தாள். சிரித்தவள் அப்படியே உடைந்து அழுதாள். சைரன் கேட்டதும் கிழவியைத் தூக்கிக்கொண்டு கீழே பதுங்கறைக்கு ஓடியிருக்கிறாள். போன் மேலே அணைந்துபோய் சார்ஜில் கிடந்திருக்கிறது. விடிந்த பிறகு ஏறி வந்து போனைத் திறந்தால் தன்னுடைய சாவு. "நெசமாவே செத்துட்டேனோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்டி. அம்மா பாத்துருச்சா?" என்று கேட்டாள்.

டிரைவர் அண்ணன் அதே வளைவில் வண்டியைத் திருப்பினார். வீட்டில் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் மாரடித்து அழுத பெண்கள். அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று நான் கத்தியதும் அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள், அம்மா மட்டும் திரும்பவில்லை. வீடியோ கால் போட்டு முகத்துக்கு நேரே பிடித்தேன். அக்கா "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாள், கையை ஆட்டினாள், கிழவியைக்கூடக் காட்டினாள். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது:

"இது இன்னைக்கு எடுத்ததா?"

இன்றைக்குத்தான், இப்போதுதான் என்று சத்தியம் பண்ணினேன். தலையை ஆட்டியது. நம்பியதா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

மாமா அழித்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் படம் அதற்குள் ஊரைத் தாண்டியிருந்தது. யார் யாரோ எடுத்துக்கொண்டுபோய், மாலையைப் பெரிதாக்கி, மேலே கொடி போட்டு, தங்களுக்குத் தோன்றியதை எழுதினார்கள். இஸ்ரேல்காரர்களுக்கு வேலை செய்யப் போனவளுக்கு நன்றாக வேண்டும் என்று ஒருவன். இதற்குப் பழியாக உள்ளூரில் இருக்கிற பாய் கடைகளில் சாமான் வாங்காதீர்கள் என்று இன்னொருவன். உயிரோடு இருக்கிறாள் என்று நான் கீழே எழுதினால் நீ யாரிடம் காசு வாங்கினாய் என்று கேட்டார்கள். நான் அவளுடைய கூடப்பிறந்தவள் என்பதற்கு அவர்களிடம் என்ன அத்தாட்சி காட்டுவது?

கடை பாயிடம் போனேன். "எங்கிட்ட யாரும் ஒண்ணுங் கேக்கலம்மா" என்றார். "வர்றவங்க சாமான வாங்கிக்கிட்டு வெரசாக் கெளம்பிடுறாங்க. முன்ன மாதிரி நின்னு பேசுறதில்ல." அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "பாய், மொளகாப்பொடி தீந்துபோச்சு" என்றாள் அவள். அவர் சிரித்தார். ஆனால் அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

அதன் பிறகு படம் எத்தனை தடவை திரும்பி வந்திருக்கிறது என்று கணக்கே இல்லை. சண்டை ஓய்ந்தால் அதுவும் ஓயும், மூண்டால் அதுவும் கிளம்பும். எடுத்துப் போட்டவர்கள் மறைவுத் தேதியை மட்டும் அன்றன்றைக்கு மாற்றிவிடுகிறார்கள். முதலில் ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லி அக்காவுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். அவளும் எடுத்து, "இன்னும் இல்லடி" என்பாள். பிறகு அப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாகிவிட்டது. மற்றவர்களுக்கும் சோலி இருக்கிறதே.

இப்போது மறுபடியும் அங்கே மோசமாக இருக்கிறது. இன்று காலை டவர் வளைவில் அது வந்தது. அதே பட்டுச்சேலை, அதே விளக்கு. மதினி தூக்கக் கண்ணோடு எட்டிப் பார்த்தது.

"பழசுத்தா. அழி."

"பழசுதான் மதினி" என்று சொல்லி அழித்தேன். பயம் ஒன்றும் வரவில்லை, அதை நினைத்து ஒரு நிம்மதிகூட வந்தது. டிரைவர் அண்ணன் பீடியைச் சுண்டிவிட்டு வண்டியை எடுத்தார். மெட்டு தாண்டி, பள்ளத்தில் இறங்கி, கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் செடியின் தூரில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ரோஜா வந்ததா என்று நான் பார்க்கவேயில்லை.

போனை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக இருந்தது நேற்றைய ரோஜா. வளைவில் அழித்த படத்தை அனுப்பியது யார் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. இப்போதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள்தான் அனுப்புகிறார்கள், மாமா அனுப்புவதில்லை. இன்று அனுப்பியது மாமாவாக இருந்தால்?

"என்னத்தா, கை ஓடலையா?" என்று அடுத்த செடியிலிருந்து மதினி கேட்டது.

"பழசுதானே மதினி அது?" என்றேன்.

மதினி காயை விட்டுவிட்டு எழுந்து என் பக்கம் வந்தது. சாயங்காலம் வரைக்கும் அங்கே டவர் கிடையாது.