தண்ணிக்குப் பிறகு காத்து

எங்கடை அண்ணையின்ரை கதையை வேறை ஆரும் சொன்னால் எனக்குச் சாதகமாச் சொல்லிப்போடுவினம். குடும்பத்தைத் தனிய நிண்டு பாக்கிற பொம்பிளை, பாவம் எண்டு. பாவமாவது மண்ணாவது. பிழை என்ரை, நானே சொல்லுறன்.

அண்ணைக்குப் பேர் கிறிஸ்ரி. நெடுந்தீவிலை கடலடியிலை கிடக்கிற கடலட்டையைப் பிடிக்கச் சுழியோடுறதிலை அவரைப்போலை ஒருத்தரும் இல்லை எண்டு இண்டைக்கும் கரையிலை சொல்லுவினம். காத்துச் சிலிண்டரை முதுகிலை கட்டிக்கொண்டு அவர் இறங்க, வள்ளத்திலை தனேசண்ணை நிப்பார். சின்ன வயசிலையிருந்து ரெண்டு பேரும் ஒண்டாத் திரிஞ்சவை. ஆறு வருசத்துக்கு முதல் ஒரு நாள், அட்டை நல்லாப் படுகுது எண்டு அண்ணை இன்னொரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூண்டாந்தரமும் இறங்கினவர். ஏறி வந்து, வள்ளத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சவர், பிறகு எழும்ப ஏலாமல் போச்சு. ரத்தத்திலை காத்துக் குமிழி கட்டி முள்ளந்தண்டைப் பிடிச்சிட்டுது எண்டு டொக்டர் சொன்னவர். இடுப்புக்குக் கீழை ஒண்டுமில்லை. அப்ப அவருக்கு முப்பத்தாறு வயசு.

முந்தி எங்கை அட்டை கிடக்கும், எப்ப தண்ணி தெளியும் எண்டு கேட்டு விடியவே எங்கடை படலை வாசலிலை ஆள் நிக்கும். அதுக்குப் பிறகு வாறவை, சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டுப்போட்டுப் போயிடுவினம். தனேசண்ணை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய வந்து மத்தியானம் வரை இருப்பார்.

நான் வீட்டிலை இருந்து ஒரு கொம்பனிக்கு வேலை செய்யிறனான். போனிலை விளையாடுற சண்டை விளையாட்டு ஒண்டு. இன்னும் எல்லாருக்கும் விடேல்லை, கொஞ்சப் பேருக்குப் பரீட்சிச்சுப் பாக்கக் குடுத்திருக்கினம். அதிலை பிழை பிடிக்கிறதுதான் என்ரை வேலை. முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிற மனுசன் எண்டு அண்ணையின்ரை போனிலும் நான்தான் போட்டுக் குடுத்தனான்.

விளையாட்டு லேசு. அஞ்சு சாதி வீரர் இருக்கினம். தண்ணி நெருப்பை வெல்லும், நெருப்பு காத்தை வெல்லும், காத்து மண்ணை, மண் மின்னலை, மின்னல் திருப்பித் தண்ணியை. எதிராளிக்கு எது ஆகாதோ அதாலை அடிச்சால் அடி ரெண்டு மடங்கு. நீ ஒருக்கா அடிச்சால் அவன் ஒருக்கா அடிப்பான். எல்லாரும் நெருப்பையும் மின்னலையும் எடுத்து வளர்ப்பினம். காத்தை ஒருத்தரும் தொடமாட்டினம், அதின்ரை அடி நோகாது, நுளம்புக்கடி. எங்கடை ஆள் போய் அந்தக் காத்தைத்தான் எடுத்தவர். விசர் மனுசன் எண்டு நான் சிரிச்சனான்.

ஒரு கிழமையாலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிரிலை ஒரு பெரிய பூதம். முதல் தண்ணி வீரனாலை அதை நனைக்கிறார். அடுத்ததாக் காத்தாலை அடிக்கிறார். அந்தப் பூதம் அப்பிடியே விறைச்சுப் போய் தன்ரை அடுத்த ரெண்டு முறையையும் விட்டிட்டுது. திரும்ப நனைக்கிறார், திரும்பக் காத்து. அதுக்குப் பிறகு பூதம் சாகுமட்டும் ஒரு அடி அடிக்கேல்லை.

"நனைஞ்ச உடம்போடை வள்ளத்திலை ஏறி வாடைக்காத்திலை இருந்து பார், விரல் மடங்காது," எண்டார். "இவங்களும் அதைத் தெரிஞ்சுதான் வைச்சிருக்கிறாங்களோ எண்டு அடிச்சுப் பாத்தனான்."

விளையாட்டைச் செய்தவங்களுக்கு இந்த ஓட்டை தெரியாது எண்டு எனக்குக் கண்டவுடனை விளங்கிச்சு. நனைஞ்சவன் காத்துப் பட்டால் ஒருக்கா விறைக்கட்டும் எண்டு எழுதிப்போட்டு, திரும்பத் திரும்ப விறைக்க விடக்கூடாது எண்டு எழுத மறந்துபோனாங்கள். இதை எனக்கும் தனேசண்ணைக்கும் மட்டும்தான் அண்ணை காட்டினவர்.

ஒரு மாதத்துக்குள்ளை வெண்டவையின்ரை பட்டியலிலை அண்ணை முதலாம் ஆள். கனடாவிலையிருந்தும் சுவிசிலையிருந்தும் பெடியள் எழுதுவாங்கள், அண்ணை இந்தப் பூதத்துக்கு என்ன செய்யிறது, அண்ணை ஆரைக் கூட்டிக்கொண்டு போறது எண்டு. மனுசன் விடியவே முகம் கழுவி, சில்லுக்கதிரையிலை இருந்து, ஒவ்வொருத்தனுக்கும் மறுமொழி எழுதுவார். உத்தியை மட்டும் சொல்லமாட்டார். ஆறு வருசத்துக்குப் பிறகு அவர் சீவிச் சிங்காரிச்சு இருந்ததை அப்பதான் கண்டனான்.

என்னை வேலைக்கு எடுக்கக்கை ஆறு மாதம் பாத்துத்தான் நிரந்தரமாக்குவம் எண்டு சொன்னவை. அஞ்சாம் மாதம் முடியுது, நான் பிடிச்ச பிழையெல்லாம் எழுத்து மாறினது, படம் நகரேல்லை எண்ட மாதிரிச் சில்லறைப் பிழையள். ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணையின்ரை உத்தியை அப்பிடியே எழுதி அனுப்பினனான். படி படியா, படம் எடுத்து. கண்டுபிடிச்சவர் எண்ட இடத்திலை என்ரை பேரைப் போட்டனான், மேரிசுகந்தி எண்டு. அண்ணைக்கு வேறை உத்தி வரும்தானே எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். கள்ளி.

அடுத்த வியாழன் திருத்தம் வந்திட்டுது. ஒரு சண்டையிலை ஒருக்காத்தான் விறைக்கும். அண்ணை அண்டைக்கு ஒம்பது சண்டை தோத்தார். அவர் வளர்த்தது முழுக்கக் காத்து, அது திரும்ப நுளம்புக்கடி. ஒரு கிழமையிலை பட்டியலிலை ஆளைக் காணேல்லை, பெடியளும் எழுதிறதை விட்டிட்டாங்கள்.

குசினி வாசலுக்குக் கதிரையை உருட்டிக்கொண்டு வந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தனான்.

"ஆரோ கொம்பனிக்குச் சொல்லிப்போட்டாங்கள். நீ சொல்லியிருக்கமாட்டாய். நீ என்ரை ரத்தம்," எண்டார்.

நான் தலை நிமிராமல் துருவிக்கொண்டே இருந்தன். அந்த இடத்திலை வாய் திறந்திருந்தால் எல்லாம் அதோடை முடிஞ்சிருக்கும்.

ஞாயிறு தனேசண்ணை வந்தார், கையிலை பொரிக்கிறதுக்கு மீனும். அண்ணை அவரை இருக்கவும் சொல்லேல்லை. காட்டிக்குடுத்தவன் எண்டார். தனேசண்ணை முதலிலை பகிடி எண்டு சிரிச்சவர். பிறகு மாதாவாணை நான் மூச்சும் விடேல்லை எண்டார். அண்ணைக்குக் கோவம் ஏறிக்கொண்டு போச்சு. நான் உள்ளுக்கை கதவடியிலை நிக்கிறன்.

"அண்டைக்கு மூண்டாஞ் சிலிண்டரைத் தூக்கித் தந்தவனும் நீதானே," எண்டார் அண்ணை.

அந்த ஆறு வருசமும் அந்தச் சிலிண்டரைப் பற்றி எங்கடை வீட்டிலை ஒரு சொல்லு வந்ததில்லை. தா எண்டு கேட்டது அண்ணைதான். வேண்டாம் எண்டு தனேசண்ணை சொன்னவர் எண்டும் எல்லாருக்கும் தெரியும். தனேசண்ணை மீனை மதிலிலை வைச்சுப்போட்டுப் போனார். பிறகு மூண்டு ஞாயிறு வரேல்லை.

அந்த மூண்டாம் கிழமைதான் எனக்கு வேலை நிரந்தரம் எண்டு கடிதம் வந்தது. அண்ணை கடிதத்தை வாங்கி ரெண்டு தரம் வாசிச்சார். எங்கடை வீட்டிலை ஒருத்தியாவது கரையேறினாய் எண்டு சொல்லி என்ரை தலையைத் தடவினார். அதுக்கு மேலை எனக்கு ஏலாமல் போச்சு. நிலத்திலை குந்தியிருந்து எல்லாத்தையும் சொன்னன்.

ஏசுவார், கையிலை கிடைக்கிறதை எடுத்து எறிவார் எண்டு நினைச்சனான். ஒண்டும் செய்யேல்லை. விளையாட்டுக் கிடக்கட்டும், போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா எண்டார்.

தனேசண்ணை வீட்டு முத்தத்திலை எஞ்சினைக் கழட்டிப் போட்டுத் துடைச்சுக்கொண்டிருந்தார். நான் நிண்டபடியே சொன்னன், கொம்பனிக்குக் காட்டிக்குடுத்தது நான், அண்ணைக்கும் இப்ப தெரியும், உங்களை வரட்டாம் எண்டு. அவர் கையை நிப்பாட்டேல்லை.

"உந்த விளையாட்டுக் கதை எனக்குப் பெரிசில்லை சுகந்தி," எண்டார். "உம்மடை அண்ணை ஆறு வருசமா அந்தச் சிலிண்டரை மனசிலை வைச்சுக்கொண்டுதான் என்னோடை சிரிச்சவரோ? அதை மட்டும் கேட்டுக்கொண்டு வாரும். பிறகு வாறன்."

அப்பிடி இல்லை எண்டு சொல்லத்தான் வாய் எடுத்தனான். எனக்கு எப்பிடித் தெரியும்?

அண்ணை படலையடிக்கு வந்து இருந்தார். நான் தனிய வாறதைக் கண்டும் எனக்குப் பின்னாலை எட்டிப் பாத்தார். தனேசண்ணை கேட்டதை அப்பிடியே சொன்னன். அண்ணை தன்ரை முழங்காலைப் பாத்துக்கொண்டிருந்தார்.

"சில நாளிலை அப்பிடி நினைச்சனான்," எண்டார். "எல்லா நாளும் இல்லை. ஆனால் சாகுமட்டும் அவனுக்குச் சொல்லியிருக்கமாட்டன் பிள்ளை."

சொல்ல வைச்சவள் நான். இனித் திரும்பிப் போய் தனேசண்ணையிட்டை இதை என்னெண்டு சொல்லுறது? பொய் சொல்லவும் இப்ப எனக்குப் பயமாக் கிடக்கு.