சர்க்கரைப் பாட்டு

நாசரேத்தில் பிறந்த ஜெபகனி டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது வணக்கம் சொன்னால் கை கூப்பமாட்டாள். இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வாள். பள்ளிக்கூட மானேஜரான பாதிரியார் செல்வதுரை ஐயருக்கும் அதே குனிவுதான், தெருவில் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவனுக்கும் அதே குனிவுதான். தூத்துக்குடியில் இப்படியொரு மரியாதையை யாரும் பார்த்ததில்லை. மலாயாவில் இருந்து வந்தவள், வெள்ளைக்காரத் துரைசானிகளிடம் படித்த நாகரிகமாக்கும் என்று பேசிக்கொண்டார்கள். சண்டைக் காலத்து மலாயாவில் குனியாதவர் கன்னத்தில் ஜப்பான் சிப்பாயின் கை விழும், அப்படி வந்த பழக்கம் இது என்று அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சண்டை முடிந்து ஒன்றரை வருசமாகியும் இடுப்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை, பாவம்.

போன வருசம் நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கும்போது அவளிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. புருஷன் இல்லை. ரப்பர் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த எஸ்றாவைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், அவன் திரும்பவில்லை. ஜெபகனி அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். டிரெயினிங் சர்டிபிகேட் கிடையாது. செல்வதுரை ஐயர் இரக்கப்பட்டு, உப்பளத்துப் பக்கம் இருந்த மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தார். கோடை லீவு வரைக்கும் இரு, அப்புறம் பார்க்கலாம் என்றார். அவள் குடியிருந்த அறையும், பொங்கித் தின்கிற அரிசியும் அந்தப் 'பார்க்கலாம்' என்ற வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

பங்குனி வெயிலில் ஒன்றாம் வகுப்பைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒன்று அழுதால் நாற்பதும் அழும். அப்படி ஒரு மத்தியானம், யோசிப்பதற்கு முன்னாலேயே அவள் வாயில் ஒரு பாட்டு வந்துவிட்டது. ஜப்பான் பாட்டு. வசந்த காலத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பாடுவதாம். சகுரா என்று ஒரு மரம். மரம் முழுக்கப் பூத்து, ஒரே வாரத்தில் எல்லாம் கொட்டிப்போகுமாம். தோட்டத்துப் பள்ளிக்கு வந்த ஜப்பான் வாத்தியார் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பத்து விரலையும் ஆட்டி ஆட்டி, பூ உதிர்கிற மாதிரி கையைக் கீழே இறக்க வேண்டும். மலாயாவில் வசந்தமும் கிடையாது, அந்த மரமும் கிடையாது. இருந்தாலும் பாடினார்கள். பாடாமல் இருக்க முடியுமா?

தூத்துக்குடிப் பிள்ளைகள் அழுகையை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டன. செல்லக்கனிதான் முதலில் வாயைத் திறந்தாள். வகுப்பிலேயே அவள்தான் பொடிசு, வாய் மட்டும் ஊர் நீளம்.

"இது என்ன பாட்டு டீச்சர்?"

"மலாய் நாட்டுப் பாட்டு" என்றாள் ஜெபகனி. பொய்தான். பர்மாவிலும் சிங்கப்பூரிலும் ஆளைப் பறிகொடுத்த வீடு தெருவுக்கு ஒன்று இருக்கிற ஊரில் வேறு என்ன சொல்வாள்?

"கைய எதுக்கு இப்படி ஆட்டுதிய?"

"மேலயிருந்து உதிருதுல்லா. உதிர்ந்து தரையெல்லாம் வெள்ளை வெளேர்னு கெடக்கும்."

"உப்பா டீச்சர்?"

உப்பளத்து ஊர்ப் பிள்ளை வேறு எதைக் கேட்கும்? "உப்பு இல்லளா, உப்பவிட நல்லாருக்கும்" என்றாள் ஜெபகனி. பூ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லா வினையும் அந்த மணியால் வந்ததுதான்.

வெள்ளையாக இருக்கிறது, உப்பு இல்லை, உப்பைவிட நல்லது. பாட்டில் வேறு சக்குரா, சக்குரா என்று பேர் வருகிறது. பிள்ளைகள் கூடிப் பேசி முடிவுகட்டிவிட்டன. வீட்டில் எல்லோரும் சீனி என்பார்கள்தான். ஆனால் பள்ளிக்கு வருகிற வழியில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் ரேஷன் கடை இருந்தது. அதன் வாசலில் தொங்கிய கரும்பலகையில் 'சர்க்கரை இல்லை' என்று சாக்குக்கட்டியால் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டப் பழகும் பிள்ளைகள் தினமும் கூட்டிப் படித்த பலகை அது. ஆகவே இது சர்க்கரைப் பாட்டு.

மறுநாள் காலையிலிருந்து, கடையைத் தாண்டும்போதெல்லாம் பிள்ளைகள் நின்று, பலகையைப் பார்த்து, "சக்கரை, சக்கரை" என்று ராகம் போட்டு, அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக் கையை இறக்கின. அவர் ஒரு நாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார். சீனி வராததற்கு அவர் என்ன செய்வார்? வந்ததைப் பதுக்கிவிட்டார் என்று ஏற்கெனவே ஊரில் ஒரு பேச்சு. நேர்மையான மனுசன் என்பதால் அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஐந்தாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே செல்வதுரை ஐயரிடம் போய்விட்டார்.

ஜெபகனியை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"பொடிப் பிள்ளைகளுக்குத் தானா இந்தப் புத்தி வருமா ஐயா? யாரோ சொல்லிக்குடுத்து அனுப்புதாங்க" என்றார் அண்ணாச்சி, அவளைப் பார்க்காமலே.

ஐயர் அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லிக்குடுத்த பாட்டுதானம்மா? அண்ணாச்சியக் கேலி பண்ணுதியா?"

ஆமாம் என்றால் வேலை போகும். இல்லை என்றால் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னாலும் வேலை போகும். அவள் யோசித்து முடிப்பதற்குள் ஐயர், பாட்டுக்கு முன்னால் நிற்கிற செல்லக்கனியைக் கூட்டிவரச் சொல்லி விசாரித்தார். அவளா பயப்படுகிற ஆள்?

"அது மலாய் நாட்டுல ஐயா. அங்கன வானத்துல இருந்து சக்கரை கொட்டும். தரையெல்லாம் கெடக்கும். கார்டு வேண்டாம். அண்ணாச்சி கடைலயும் கொட்டட்டும்னுதான் அங்கன நின்னு பாடுதோம்."

அண்ணாச்சிக்கு முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. ஐயர் மீசைக்குள் சிரித்தார். ஜெபகனி வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சர்க்கரை கொட்டுவதாகப் பிள்ளை நம்பிய அந்த மலாய் நாட்டில், அவள் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சண்டை முடிந்தபோது பதினெட்டுப் பேர். மற்றவர்களைக் காய்ச்சலும் பட்டினியும் கொண்டுபோயின. அதற்கு மேல் அந்தப் பொய்யை அவளால் தாங்க முடியவில்லை. செல்லக்கனியை வகுப்புக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாள்.

"அது சக்கரை இல்ல ஐயா, பூ. மலாய்ப் பாட்டும் இல்ல. ஜப்பான்காரன் பாட்டு. நான் பொய் சொல்லிட்டேன்."

ஐயர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அவன் பாட்டையா நம்ம பிள்ளைகளுக்கு?"

"அவங்க பாடி நான் கேட்டது ரெண்டு மூணு தடவைதான் ஐயா. என் பிள்ளைகள் பாடிக் கேட்டது மூணு வருசம். செத்துப்போன பிள்ளைகளோட ஒரு போட்டோகூட எங்கிட்ட இல்ல. இது ஒண்ணுதான் மிச்சம். எங்க வீட்டுக்காரரக் கொண்டுபோனவன் பாட்டுன்னு வெறுக்கத்தான் பாத்தேன், முடியல. மன்னிச்சுக்கிடுங்க" என்று சொல்லி, அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில் இடுப்பு வரை குனிந்தாள்.

"எதுக்கு டீச்சரம்மா இப்படிக் குனியுதிய?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"அங்கன குனியலன்னா அடி விழும் அண்ணாச்சி. அப்படியே நின்னுபோச்சு."

அண்ணாச்சி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என் தம்பியும் மலாயாவுலதான், ஈப்போவுல இருந்தான். நாப்பத்திரண்டுல இருந்து கடுதாசி இல்ல" என்றார். மடியில் கிடந்த துண்டை மடித்தபடியே, "அங்கனயும் பிள்ளைகள் இதத்தான் பாடிருக்குமா?" என்று கேட்டார்.

"பாடிருக்கும் அண்ணாச்சி. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஜப்பான் பாட்டுதான். ரோட்டுல போறவங்க காதுல விழும்."

"அப்ப அவன் காதுலயும் விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோனார்.

ஐயர் மேசையில் விரித்திருந்த பதிவேட்டை மூடி வைத்தார். "கடை வாசல்ல பாட வேண்டாம்னு பிள்ளைகள்ட்ட சொல்லு. மத்தத அப்புறம் பார்க்கலாம்" என்றார். மறுபடியும் அதே 'பார்க்கலாம்'. அன்றைக்கு ஜெபகனிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவளே தெருமுனையில் நின்று பிள்ளைகளை அழைத்துவந்தாள். வாயில் விரலை வைத்துக்கொண்டு எல்லாம் சத்தமில்லாமல் கடையைத் தாண்டின. பலகையில் 'சர்க்கரை இல்லை' அப்படியே இருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"ஏளா செல்லக்கனி, இன்னைக்கு ஏன் பாடாம போற?"

"டீச்சர் பாடக்கூடாதுன்னுட்டாங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார். ஜெபகனி குனியப்போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"குனியாதிய டீச்சரம்மா. நேத்து சாயந்தரமே ஐயரப் பாத்துப் பேசிட்டேன். லீவுக்குப் பெறகும் ஒண்ணாம் வகுப்பு ஒங்களுக்குத்தான். இதுக பாடட்டும்."

ஜெபகனிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளே முதல் அடியை எடுத்துக்கொடுத்தாள். பிள்ளைகள் விரலை ஆட்டி ஆட்டி, கடை வாசல் முழுக்கச் சர்க்கரையைக் கொட்டின. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவ பாடுங்க பிள்ளைகளா" என்றார்.